கொச்சியில் ஹீட்டர் கேட்டவள்

மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு குளியலறையைச் சூடாக்க வேண்டும் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? எறணாகுளத்துக் கடையில் போய் ஹீட்டர் கேட்டேன். கீசரைக் காட்டினார்கள். "தண்ணிக்கு இல்லை, ரூமுக்கு" என்றேன். விற்பனைப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சேச்சி, ஏசியல்லே வேண்டது?" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வெளியே அடைமழை, என் புடவை சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது, இவள் எனக்கு ஏசி விற்கப் பார்க்கிறாள்!

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் அவஸ்தை அவளுக்கு எப்படித் தெரியும்? அம்மா நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து சில வாரங்களுக்கு முன்புதான் வீடு திரும்பியிருந்தாள். குளிக்கலாம், ஆனால் உடம்பு குளிர்ந்துவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எங்கள் குளியலறையிலோ ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி. ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் காயல் காற்று அது வழியாக நேரே முதுகில் வந்து விழும். வெந்நீரை எவ்வளவு சூடாக ஊற்றினாலும் அடுத்த சொம்பு எடுப்பதற்குள் உடம்பு வெடவெடக்கும். முதல் நாள் குளிக்கப் போன அம்மா பல் கிட்டிப்போய் வெளியே வந்தாள். அதோடு குளியலை விட்டாள். ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி.

துடைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிட்டது என்கிறீர்களா? அங்கேதான் சங்கதி. எங்கள் வீட்டில் குளிக்காமல் யாரும் அடுக்களைக்குள் கால் வைக்கக் கூடாது. சட்டம் போட்டவள் அம்மாதான். மாப்பிள்ளை என்றும் பார்க்காமல் என் கணவரையே விரட்டியிருக்கிறாள். இப்போது தன் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டாள்! "பரவாயில்லை, வாம்மா" என்றால் தலையை ஆட்டி மறுப்பாள். அடுக்களை வாசற்படிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கடுகு வெடிச்சாச்சோ? பெருங்காயம் போட்டியோ?" என்று அதிகாரம் பண்ணுவாள்.

நாளாக ஆகக் கேள்விகள் குறைந்தன. ஒரு நாள் மோர்க்குழம்பில் உப்பே போட மறந்துவிட்டேன். அம்மா வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தாள்.

"என்னம்மா, நன்னாருந்ததோ?"

"எல்லாம் ஒண்ணுதாண்டி. இனிமே நான் உள்ளே வந்து என்ன ஆகணும்?"

நிமோனியாவுக்குக்கூட நான் இப்படிப் பயப்படவில்லை.

அன்றைக்கே யோசனை ஆரம்பித்தது. "கும்முட்டி அடுப்புல கரி போட்டு உள்ளே வெச்சாப் போறாதோ?" என்றாள் அம்மா.

"கதவைச் சாத்தின அறையில கரிப்புகையா? மயங்கி விழுந்தா வெளியில யாருக்கும் தெரியாது!"

என் கணவர் இன்னும் மோசம். "எக்ஸ்டென்ஷன் இழுத்து ஸ்டூல்ல ஒரு ரூம் ஹீட்டர் வெச்சா தீர்ந்தது."

"தீர்ந்ததுதான்! ஈரக்கையோட அதைத் தொட்டா அம்மாவும் தீர்ந்தா!"

மனுஷர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

எறணாகுளத்துக் கடை அலைச்சலும் வீணான பிறகு, குளியலறைக்கென்றே செய்த, சுவரில் மாட்டுகிற ஹீட்டர் ஒன்றை ஆன்லைனில் தேடிப் பிடித்தேன். அது வந்து சேர்ந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாட்ட வந்த எலக்ட்ரீசியன் தமிழ்நாட்டுக்காரர், களமசேரியில் குடியிருப்பவர். "ஊரே வேர்க்குதுன்னு ஃபேன் மாட்டச் சொல்லுதுக்கா, நீங்க என்னடான்னா..." என்று சிரித்தார். சிரிக்கட்டும், வேலை நடந்தால் சரி! தண்ணீர் தெறிக்காத மூலையில், கை எட்டாத உயரத்தில் மாட்டச் சொன்னேன். கீசர் வயரிலேயே இதையும் சேர்க்காமல் தனி வயர் இழுத்து, சுவிட்சைக் கதவுக்கு வெளியே வைத்தார். மின்சாரம் கசிந்தால் அந்தக் கணமே லைனைத் துண்டிக்கிற பிரேக்கரையும் போட்டார். அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கியதும் 'டப்' என்று விழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "இன்னொரு தடவை அமுக்குங்கோ" என்றேன். ஓட்டடி இடைவெளியைப் பலகையால் அடைத்து, ஈரம் வெளியேற எக்ஸாஸ்ட் ஃபேனும் வைத்தாயிற்று. ஹீட்டர் மேல் துண்டைக் காயப்போடலாமே என்று ஆரம்பித்த கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக நான் சுவிட்சும் கையுமாக நின்றேன். போடுவேன், உள்ளே போய்ப் பார்ப்பேன், அணைப்பேன், மறுபடி போடுவேன். அறை கதகதவென்று ஆனதும் அம்மாவை உள்ளே அனுப்பினேன். "தாழ்ப்பாள் போடாதே, நான் இங்கேயே நிக்கறேன்!"

சொம்புச் சத்தம் கேட்டது. நிற்கவில்லை! மறுபடி கேட்டது. அப்புறம் அம்மாவின் குரல்: "ஏண்டி, தலைக்கும் ஊத்திக்கட்டுமா?"

"ஊத்திக்கோ! அண்டாவையே கவுத்துக்கோ!"

தலையில் துண்டு சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். முதுகைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. விடுவிடுவென்று நடந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுப்பைப் பற்றவைத்துக் கொடுக்கலாம் என்று பின்னாலேயே ஓடினேன்.

அம்மா திரும்பி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"நீ குளிச்சாச்சோ?"

நான் எங்கே குளித்தேன்? விடிந்ததிலிருந்து சுவிட்சும் கையுமாகத்தானே நின்றேன்!

"குளிக்காம என்ன தைரியத்துல உள்ளே வந்தே? நாலு நாள் நான் படுத்தா வீடு இப்படியா ஆகணும்? போடி வெளியில!"

வெளியே ஓடிவந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவரைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏன்னா, கேட்டேளா? அம்மா என்னைத் திட்டிட்டா!"