தவிட்டு வாசனைக்காரன்

என் கையெழுத்து கோழிக்கிறுக்கல். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அதற்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போகும் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஸ்ரீரங்கம் நூலகத்திலிருந்து என் மனைவி ஒரு பழைய காதல் நாவலை எடுத்து வந்தாள். சாயங்காலம் அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். அதில் ஒரு பணக்காரப் பெண், தான் விரும்புகிறவன் எதிரிலேயே ஏழைக் கதாநாயகியை ஓயாமல் மட்டம் தட்டுகிறாள். சேலையெல்லாம் சேறாம், பழகத் தெரியாதாம். கேட்கக் கேட்க அவனுக்கு அந்த ஏழைப் பெண் மேலேயே மனம் போகிறது.

"இது அந்த அக்காவேதாங்க!" என்று மனைவி புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தாள்.

அந்த அக்கா, முன்பு இவளைப் பெண் கேட்ட இன்னொரு மாப்பிள்ளையின் தமக்கை. அந்த மாப்பிள்ளைக்குத் திருவெறும்பூர் பக்கம் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. நான் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். பாலக்கரையில் இவள் வீட்டில் தரகர் இரண்டு ஜாதகத்தையும் கொடுத்திருந்தார். பெண் பார்க்கப் போன நான் தலை நிமிரவே இல்லை. என் முகமே இவளுக்கு நினைவில் நிற்கவில்லையாம்.

மூட்டை தூக்குகிறவனையும் தன் தம்பியையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிறார்களே என்று அந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. நான் பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாளே இவள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அந்த மில்லுக்காரன் வந்தானாமே? கிட்ட உட்கார்ந்தா தவிட்டு வாசனை அடிக்குமே! கை விளங்காத அம்மாவுக்கு அவன்தான் சோறு வடிச்சுப் போடுறானாம். ஆம்பளையா அவன்?"

இவள் கேட்டிருக்கிறாள்: "உங்க தம்பிக்குச் சோறு வடிக்கத் தெரியுங்களா அக்கா?"

"அவனுக்கு எதுக்குடி அது? அதுக்குத்தானே உன்னைக் கேட்டு வந்திருக்கோம்!"

அன்று மாலையே, மில்லுக்காரரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று இவள் தரகருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். எனக்காக அந்த வீட்டில் அத்தனை நேரம் பேசியவர் அந்த அக்கா ஒருவர்தான்.

இன்றும் கல்யாண வீடுகளில் இவளுடைய சொந்தக்காரர்கள், "குவார்ட்டர்ஸ்ல இருந்திருக்க வேண்டியவ" என்று என் காதுபடச் சொல்கிறார்கள். நான் கூச்சக்காரன். இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவேன். அவர்களுக்கு இந்த எழுத்துதான் என் பதில். தவிட்டு வாசனை இன்னும் என் சட்டையில் இருக்கிறது, அதைப் போக்க எனக்கு எண்ணமும் இல்லை. எங்கள் வீட்டில் சோறு வடிப்பது இன்றைக்கும் நான்தான். இன்று கலந்த எலுமிச்சைச் சாதத்துக்கும் நானே வடித்தேன்.

எழுதி முடித்தது ஸ்ரீரங்கத்தில், ஆடிப்பெருக்கு அன்று.