உபவாச நாளில் ஒரு ஸ்ட்ரா

இன்றைக்கு நான் வாய் திறந்து பேசுகிறேன் என்றால், அது கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் ஒரு தங்கச்சி போட்ட பிச்சை.

நாற்பது வயதுக்கு மேல் வேதாகமப் பள்ளியில் சேர்ந்தவன் நான். பிரசங்கம் அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். தொண்டை கட்டினால், "நல்லா ஊழியம் செஞ்சிருக்காரு" என்று மெச்சுவார்கள். கரிசல்காட்டுக் காற்றில் மைக் இல்லாமல் கத்திக் கத்தி, கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. தேர்வுப் பிரசங்கத்துக்கு இன்னும் பத்தே நாள். கழுகுமலைப் பக்கம் ஒரு சபையில் பேச வேண்டும். தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பேச்சுப் பயிற்சி தரும் அந்தத் தங்கச்சி தொண்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பேச்ச நிறுத்துங்க. குசுகுசுன்னும் பேசாதீங்க. தண்ணி நெறையக் குடிங்க. டம்ளர் தண்ணியில ஸ்ட்ராவ விட்டு, 'ஊ'ன்னு மெதுவா ஊதுங்க, போதும்" என்றது. இதற்கா பஸ் ஏறி வந்தேன் என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் ஊதினேன்.

வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத உபவாசம். விடுதி வராந்தாவில் டம்ளரும் ஸ்ட்ராவுமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்த அறைத்தோழர், நேரே முதல்வரிடம் ஓடினார்.

"ஐயா, உபவாசத்துல இவரு கலர் சோடா குடிக்காரு!"

அடப்பாவி! மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. நடந்ததைத் தாளில் எழுதி நீட்டினேன். முதல்வர் ஐயாவின் குரலும் பல வருடமாக ஓட்டைப் பானைதான். படித்துவிட்டு என்னையே பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"எனக்கும் ஒண்ணு கொண்டு வாரும்வே" என்றார்.

மறுநாளிலிருந்து காலை ஜெபத்துக்கு முன்னால் மொத்தப் பள்ளியும் வரிசையாக உட்கார்ந்து டம்ளர் தண்ணீரில் குமிழி விட்டது. உபவாசத்தில் தண்ணீர் குடிக்கலாம் என்றும் ஐயா சொல்லிவிட்டார்.

பிரசங்க நாளன்று, வீட்டில் பேசுவதுபோல மைக்கில் பேசினேன். குரல் கடைசிவரை நின்றது. தேறினேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்ன கையோடு அந்தத் தங்கச்சியையும் நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால், பிரசங்கம் கேட்க வந்திருந்த என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"இத்தன வருசமா யாரையோ ஏசுதீங்கன்னுதான் உக்காந்திருந்தேன். இன்னைக்குத்தான் நீங்க சொன்னதக் கேட்டேன்" என்றாள்.