நாங்க வாத்தியார்

தபால் நிலைய வரிசையில் இருபது நிமிடம் நின்று, தன் முறை வந்ததும், "எனக்கு ஒண்ணும் வேணாங்க, சும்மாதான் நின்னேன்" என்று சொல்லிவிட்டு நகர்கிறார் பேராசிரியர். உள்ளே இருக்கும் பெண்மணி முன்பெல்லாம் முறைப்பார். இப்போது அவருக்கும் பழகிவிட்டது. வெளியே வந்த பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து, யார் யாருக்கு வழி விட்டார்கள், யார் யாரைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள் என்று குறித்துக்கொள்கிறார். இதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள். சமூகவியல் என்று பெயர்.

அவருடைய பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவன் நான். அந்த வளாகத்தில் தமிழ் பேச அவருக்கு என்னை விட்டால் ஆளில்லை, எனக்கும் அவரை விட்டால் நாதியில்லை. அதனால் பதினேழு வருடமாக மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். நிம்மதியாக ஒரு வாய் இறங்காது. "ஏன்யா எப்பவும் சுவரைப் பாத்தே உக்கார்ற?" என்பார். வசதியாக இருக்கிறது என்றால், "எது வசதி? சுவரா, யாரையும் பாக்காம இருக்கறதா?" என்று நோட்டை எடுப்பார். சக ஆசிரியர் ஒருவரின் இறுதிச் சடங்கில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்களை இவர் விரல்விட்டு எண்ணியதை நானே பார்த்தேன். இறந்தவரின் மனைவியும் பார்த்தார்.

இருபத்தெட்டு வயதில் ஒரு பெட்டியும் இரவல் ஸ்வெட்டருமாக ஊரைவிட்டு இந்த நாட்டில் வந்து இறங்கியவர். படிப்புக்கு நடுவே ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தட்டு கழுவினார். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று கழுவிக்கொண்டே பார்த்து, அதையே ஆய்வேடாக்கிப் பட்டமும் வாங்கிவிட்டார். "ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி, சோத்துக்குச் சோறு!" ஆனால் நிரந்தர வேலை ஒன்பது வருடம் கண்ணாமூச்சி காட்டியது. லீவில் போனவர்களின் வகுப்பெல்லாம் இவர் தலையில்தான். ஒருவருக்குப் பிரசவம், இன்னொருவருக்கு முதுகுவலி. "ஊர்ல எவனாவது படுத்தாத்தான்யா என் வீட்டுல அடுப்பு எரியும்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அவரைக் கரையேற்றியது அவர் மகள்தான். அதுவும் நாலு வயதில், ஒரு தப்பால். தெருவில் விளையாடி அந்த ஊர் பாஷை வாயில் ஏறியதும் குழந்தைக்கு 'நாம' மறந்துபோயிற்று. அந்தப் பாஷையில் 'நாம', 'நாங்க' இரண்டுக்கும் ஒரே சொல். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே, "அப்பா, நாங்க கடைக்குப் போகலாமா?" என்று கேட்கும். பெற்றவன் என்ன செய்ய வேண்டும்? திருத்த வேண்டும். இவர் நோட்டை எடுத்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாராம்: "புள்ள தப்பாப் பேசுது, திருத்துங்கன்னா எழுதி வச்சுக்கிறீங்களே! நீங்க மனுஷன்தானா?" திருத்தினால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று மனைவியின் வாயையும் அடைத்துவிட்டார். மூன்று வருடம் குறித்தார். கட்டுரை வந்தது, நிரந்தர வேலையும் வந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் பலகையில் 'நாம', 'நாங்க' என்று கொட்டை எழுத்தில் எழுதுவார். "உங்க பாஷையில அந்த ஒத்தை வார்த்தையைச் சொல்றப்போ, பக்கத்துல நிக்கறவன் உள்ள இருக்கானா வெளியே இருக்கானான்னு அவனுக்கே தெரியாது" என்பார். பிள்ளைகள் வாயில் ஒட்டிக்கொண்டது 'நாங்க' மட்டும்தான். அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

மனைவி போய் ஆறு வருடமாகிறது. இந்த ஜூனில் ஓய்வு. பல்கலைக்கழகக் குடியிருப்பையும் காலி செய்தாக வேண்டும். போன மாதம் மகள் போன் செய்தாள். மறுநாள் சாப்பாட்டு மேசையில் பேராசிரியர் நோட்டைப் பிரித்து அப்படியே வாசித்தார்: "'அப்பா, பெரிய வீடா பாத்துட்டோம். மூணு ரூம். ஜூன்ல நாங்க அங்க போயிடுவோம்.' இந்த 'நாங்க'ல நான் இருக்கேனா இல்லையாய்யா?"

"மூணாவது ரூம் உங்களுக்குத்தான் சார்."

"அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒண்ணு, பேத்திக்கு ஒண்ணு. மூணாவது தையல் மிஷினுக்காக்கூட இருக்கலாம்."

"வாயைத் திறந்து கேட்டுட வேண்டியதுதானே?"

"பதிலை நாமளே எடுத்துக் குடுக்கற மாதிரிக் கேக்கக் கூடாதுய்யா. மரியாதைக்காக ஆமான்னுடுவாங்க. முதல் வருஷப் பாடம்."

"அட, அது நீங்க பெத்த பொண்ணு சார்!"

"யாரா இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

எனக்கு வந்த கோபத்தில் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போயிருப்பேன். ஆனால் மனிதர் நோட்டில் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையைப் பார்த்துவிட்டு, வாடகைப் படிவத்தையும் வாங்கிவந்தார். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். "ஜன்னல் இல்ல. பரவால்ல, ஒருத்தன்தானே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்ட மகள் வந்தாள். நான் நூலகத்திலிருந்து காலி அட்டைப்பெட்டிகள் கொண்டுபோயிருந்தேன். அவர் புத்தகங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். படிவம் நாலாக மடிந்து சட்டைப்பையில், நோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மகள் அவருடைய பழைய மேசையைத் தட்டிப் பார்த்தாள், குனிந்து காலை ஆட்டிப் பார்த்தாள், கைப்பையிலிருந்து அளவெடுக்கும் டேப்பை எடுத்தாள்.

"அப்பா, நாங்க இதை உங்க ரூம்ல ஜன்னல் ஓரமாப் போட்டுடலாம். இல்லாட்டி வெளிச்சம் பத்தலைன்னு நாள் பூரா புலம்புவீங்க."

பேராசிரியர் கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டியில் வைக்க மறந்து நின்றார். பிறகு, முப்பது வருடத்தில் முதல் தடவையாக, மகளைத் திருத்தினார்.

"நாமன்னு சொல்லணும்மா."

"அதைத்தானேப்பா சொல்றேன், நாங்கன்னு!" என்றாள் அவள், டேப்பை இழுத்துப் பிடித்தபடி. "நாலடி அஞ்சு அங்குலம். எழுதிக்கோங்க."

அவர் சட்டைப்பைக்குள் கைவிட்டார். நோட்டை விட்டுவிட்டுப் படிவத்தை எடுத்தார். பிரித்து, பின்பக்கம் திருப்பி, மேசைமேல் வைத்து நீவிக்கொண்டு, நாலடி அஞ்சு அங்குலம் என்று எழுதினார்.