உலக மாநாட்டுக்கு நட்ட பந்தக்கால்

என் பந்தலில் உட்காராத பெரிய மனிதர் இந்தக் காவிரிக்கரையில் கிடையாது என்று சொன்னால், கிழவன் பெருமையடிக்கிறான் என்பார்கள். அடிக்கத்தான் செய்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மூங்கில் சுமந்து காய்த்துப்போன தோளில் இன்றைக்குப் பட்டுத்துண்டு கிடக்கிறது. நான் அடிக்காமல் வேறு யார் அடிப்பது? மந்திரிகளும் மடாதிபதிகளும் என் கீற்றுக்குக் கீழே வியர்வை துடைத்திருக்கிறார்கள். ஆனால் அதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற காரியம் ஒன்று இருக்கிறது. உலக மாநாட்டுக்கே நான் பந்தக்கால் நட்டிருக்கிறேன். அதுவும் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

உலகத் தலைவர்கள் கூடிப் பொருளாதாரமும் பாதுகாப்பும் பேசுகிற அந்த மாநாடு அந்த வருஷம் நம் நாட்டில் நடந்தது. தலைவர்கள் டெல்லியோடு சரி. அதற்கு முன்னால் அவர்களுடைய அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்களாம். தலைவர்கள் கடைசியில் வந்து கை குலுக்கிப் போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். படித்தவர்கள் இதை எனக்கு விளக்கப் படாத பாடு பட்டார்கள். எனக்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை. நம் பக்கத்துக் கல்யாணம் வேறு எப்படி நடக்கிறது? மாமன் மச்சான்கள் நாலு நாள் பேசிப் பிராணனை விட்டிருப்பார்கள், பெரியவர் வந்து தட்டு மாற்றிவிட்டுப் பேரைத் தட்டிக்கொண்டு போவார்.

அப்படி வந்த கூட்டங்களில் ஒன்று தஞ்சாவூருக்கு வந்தது. எங்கோ சண்டை நடந்து கப்பல் நின்றுபோனால் யார் யாருக்குச் சோறு போடுவது என்று பேசுகிறவர்கள். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுக் குறுவை அறுவடையையும் பார்க்க வேண்டும் என்றார்கள். டவுனிலிருந்து அரை மணி தூரத்தில் ஒரு வயலைப் பிடித்தார்கள். வரப்பை ஒட்டின களத்து மேட்டில் அவர்கள் உட்கார ஒரு பந்தல் வேண்டும்.

அதற்கு வெளியூரிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தார். இரும்புக் குழாய், வெள்ளைத் துணி, நாலு மூலையிலும் ஏசி. போட்டோவெல்லாம் காட்டினார். நான் போட்டோ எதுவும் கொண்டுபோகவில்லை. ஏற்பாடு பார்த்த அதிகாரியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"சார், அவுங்க நெல்லு பாக்க வர்றாங்களா, ஃப்ரிட்ஜ் பாக்க வர்றாங்களா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்த அதிகாரி கையெழுத்துப் போட்டுவிடுவார், இது என் ஐம்பது வருஷ அனுபவம். ஆனால் அவரும் கெட்டிக்காரர்தான், ஒரு கண்டிஷன் வைத்தார். பாதுகாப்புச் சோதனையில் ஏதாவது கோளாறு என்றால் என் பந்தலைப் பிரித்துவிட்டு இரும்பை இறக்கிவிடுவார்கள். இரண்டு மணி நேரத்தில் எழுப்பிவிடுவார்களாம். அதற்காக இரும்பு லாரி அன்று காலையில் ரோட்டோரமாகத் தயாராக நிற்கும். ஐம்பது வருஷத்தில் நான் போட்ட பந்தலை விசேஷத்துக்கு முன்னால் யாரும் பிரித்தது கிடையாது. அன்றைக்குப் பிரித்திருந்தால் மறுநாள் நான் கடைத்தெருவில் டீ குடிக்கப் போக முடியாது.

எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். என் மேஸ்திரியின் மகள் படித்துச் சொன்னாள். 'பந்தலுக்கு அடியில் மண்ணில் ஏதேனும் புதைக்கப்பட்டுள்ளதா?' இல்லை என்று எழுதச் சொன்னேன். சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் நீங்கள் வாசற்படியைச் சொல்வீர்களா? அது மாதிரிதான் எனக்கு இதுவும்.

மூன்று நாள் முன்னால் நல்ல நேரம் பார்த்து ஈசானிய மூலையில் பந்தக்கால் நட்டிருந்தேன். குழியில் கொஞ்சம் பால் விட்டு, நவதானியத்தோடு ஒரு காசையும் மஞ்சள் துணியில் முடிந்து உள்ளே வைத்து, மேலே மாவிலை கட்டின மூங்கில். இது இல்லாமல் என் ஆட்கள் ஏணியில் ஏற மாட்டார்கள். நானும் ஏறச் சொல்ல மாட்டேன்.

விருந்தாளிகள் பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. காலை ஏழு மணிக்கே சோதனைக்காரர்கள் வந்துவிட்டார்கள். வடக்கத்தி அதிகாரி ஒருவர், அவருக்குச் சொல்லை மாற்றிக் கொடுக்க நம்மூர் சப்-இன்ஸ்பெக்டர், ஒரு நாய், நீளக் கம்பில் தட்டு மாட்டின ஒரு மிஷின். நாய் பந்தக்காலில் பூசியிருந்த மஞ்சளை முகர்ந்து தும்மிவிட்டுப் போய்விட்டது. மிஷின்தான் காட்டிக்கொடுத்தது. பந்தக்கால் பக்கம் போனதும் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது.

சப்-இன்ஸ்பெக்டர் முகம் வெளுத்துவிட்டது. "அய்யா, பாரத்துல ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கீங்களே."

"ஆமா, ஒண்ணும் இல்ல."

"அப்ப என்னங்க இப்படிக் கத்துது?"

"அது பந்தக்கால் தம்பி."

"பந்தக்கால் கத்துமாய்யா?"

"ஒங்க கல்யாணத்துக்கு நான்தான் நட்டேன். அப்ப யாரும் மிஷின் கொண்டாரல."

வடக்கத்தி அதிகாரி கையை ஆட்டினார். எல்லோரையும் நூறு அடி தள்ளி வாய்க்கால் மதகுக்கு அந்தப் பக்கம் விரட்டினார்கள். இரும்புப் பந்தல்காரர் லாரியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். சந்தோஷத்தை அடக்கத் தெரியாத மனுஷன்.

"என்ன பெரியவரே, குண்டு வச்சிட்டீங்களாமே?"

"வச்சிருந்தா ஒங்க லாரிக்கு அடியிலதான் வச்சிருப்பேன்" என்றேன். சப்-இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டார். "அய்யா, இந்த மாதிரி நேரத்துல அந்த வார்த்தையே வேண்டாங்க."

விண்வெளிக்குப் போகிறவர் மாதிரி உடுப்புப் போட்ட ஓர் ஆள் மெல்ல நடந்துபோய், பந்தக்காலை அசைத்து அசைத்துப் பிடுங்கிப் படுக்க வைத்தார். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்த ஆள் மண்டியிட்டுக் குழிக்குள் கையை விட்டு மஞ்சள் முடிச்சை எடுத்தார். பிரித்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்து வரலாம் என்று கைகாட்டினார்.

தானியம் முளைத்திருந்தது. மூன்று நாள் ஈரத்தில் பயறும் கொள்ளும் வெள்ளையாக வால் விட்டிருந்தன. நடுவில் ஒரு அஞ்சு ரூபாய்க் காசு.

"அவருகிட்டச் சொல்லுங்க, குண்டு முளைக்காது" என்றேன்.

சப்-இன்ஸ்பெக்டர் அதைச் சொல்லவில்லை. கண்டெடுத்த பொருள்களைப் பட்டியல் எழுத வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். நெல், கோதுமை வரை வேகமாகப் போனது. அப்புறம் பேனா நின்றது.

"அய்யா, மொச்சைக்கு இங்கிலீஷ்ல என்னங்க?"

"என்னைக் கேக்கிறீங்களே. நான் அஞ்சாம் கிளாஸ்."

கடைசியில் 'பீன்ஸ், பலவகை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

குழியை மூடிவிட்டுக் கம்பை நிறுத்திக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. மணி எட்டேகால். லாரியில் குழாய்களை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. என் ஆட்கள் ஒருவரும் கம்பைத் தொடவில்லை. பிடுங்கின கால் இல்லையா? விசேஷம் முடியாமல் பிடுங்கினால் அந்தப் பந்தலுக்குக் கீழே எங்கள் ஆட்கள் நிற்க மாட்டார்கள். இன்னும் தோரணம் கட்டவில்லை, கிழக்குப் பக்கத் தட்டி பாக்கி. ஆட்கள் கை கட்டி நின்றால் அதுவும் கோளாறுதான், இரும்பு வந்து இறங்கிவிடும்.

நான் வடக்கத்தி அதிகாரிக்கு நேர் எதிரில் போய் நின்றேன். "புடுங்கினவங்க கையாலதான் நடணும். எட்டரைக்குள்ள நல்ல நேரம். சொல்லுங்க தம்பி."

"அவரு பெரிய ஆபீசருங்க."

"நானும்தான் பெரிய பந்தல்காரன். சொல்லுங்க."

சொன்னார். அந்த மனுஷர் என்னைப் பார்த்தார், படுத்துக் கிடந்த மூங்கிலைப் பார்த்தார். ஏதோ இந்தியில் சொன்னார்.

"அவுங்க ஊர்லயும் கல்யாணத்துக்கு மூங்கில்தானாம். தங்கச்சி கல்யாணத்துக்கு அவரே நட்டிருக்காராம். ஆனா உலோகம் எதுவும் கூடாதாம். காசை எடுத்துறணுமாம்."

"காசுக்குப் பதிலா என்ன போடறது?"

சப்-இன்ஸ்பெக்டர் யோசித்தார். "மஞ்சக் கிழங்கு போடுங்களேன். எங்கம்மா அப்படித்தான் சொல்லுவாங்க, காசு இல்லாதவங்க அதைத்தான் போடணும்னு."

அவருடைய அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஒத்துக்கொண்டேன். உலகத் தலைவர்கள் வருஷக்கணக்கில் பேசுவதை நான் எட்டு நிமிஷத்தில் முடித்தேன், சரிபார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் சொல்வதற்கு முன்பே அதிகாரி பூட்ஸைக் கழற்றினார். விண்வெளி உடுப்புக்காரரும் கழற்றினார். முளைத்த தானியத்தையே மஞ்சளோடு முடிந்து வைத்தோம், முளைத்தது இன்னும் விசேஷம் என்று நான் அந்த இடத்திலேயே ஒரு சாஸ்திரத்தை உண்டாக்கினேன். அதிகாரி, உடுப்புக்காரர், சப்-இன்ஸ்பெக்டர், மேஸ்திரி, நான். ஐந்து கை சேர்த்து மூங்கிலை நிறுத்தினோம். அதிகாரி பிடித்த பிடி சரியில்லை. தங்கை கல்யாணத்திலும் அப்படித்தான் பிடித்திருப்பார். கையைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார். பிறகு மிஷினை ஒரு தடவை சுற்றிக் காட்டினார்கள். அது வாயைத் திறக்கவில்லை. என் ஆட்கள் ஏணியில் ஏறினார்கள்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். வெள்ளைக்காரர், கறுப்பர், சப்பைமூக்குக்காரர், முக்காடு போட்ட ஓர் அம்மாள், எல்லா நாட்டு முகமும். இளநீர் குடித்தார்கள். அறுவடை மிஷின் போவதைப் பார்த்துப் படம் எடுத்தார்கள். கீற்றைத் தொட்டுப் பார்த்த ஒருவர் ஏதோ கேட்டார். உள்ளே ஏசி எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்விக்காகவே இன்னொரு தடவை பந்தக்கால் நடுவேன்.

அவர்கள் கிளம்பின பிறகு இரும்பு லாரி திரும்ப முயன்று, வரப்பு ரோட்டின் ஓரம் பெயர்ந்து பின் சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. இரும்புப் பந்தல்காரர் நின்று கத்திக்கொண்டிருந்தார். என் ஆட்கள் பத்துப் பேரை அனுப்பினேன். சக்கரத்துக்கு அடியில் நெம்பக் கட்டை இல்லை.

"ஒங்ககிட்ட மூங்கில் இருக்குமா பெரியவரே?" என்று அவரே வாயைத் திறந்து கேட்டார்.

எத்தனை வேண்டும் என்று கேட்டேன்.