சித்தப்பாவுக்கு ஒரு குறியீடு

கேமில் குறுக்குவழி பார்க்கிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. நானும் அவர்களில் ஒருவன் என்பதால் அந்தக் கூட்டத்தின் லட்சணம் முழுக்கத் தெரியும்.

காரைக்குடியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேம் ஆடுகிறவர்கள். அதிலும் பெரிய கற்பனை நாடு ஒன்றுக்குள் ஓர் ஆளாகப் புகுந்து, ஊர் ஊராகச் சுற்றி, பேசி, சண்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிற வகைக்குத்தான் மவுசு. ஆடி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதில்தான் அதன் ருசி இருக்கிறது. ஆனால் நம் ஆட்களுக்கு அந்தப் பொறுமை ஏது? எஸ்கேப் பட்டனுக்குக் கீழே சின்ன அலைக்கோடு போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் திரையில் ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். கன்சோல் என்பார்கள். கேமைத் தயாரித்தவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்ட கொல்லைப்புற வாசல் அது. அதில் ஒரு கட்டளையைத் தட்டினால் சாகாவரம் கிடைக்கும். ஒரு பொருளின் குறியீட்டைத் தட்டினால் அந்தப் பொருள் பைக்குள் வந்து விழும். கேமை வாங்கியவுடன் நம்மவர்கள் தேடுவது முன்வாசலை அல்ல, இந்த வாசலைத்தான்.

கைப்பேசிக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், புது கேமைக் காலையில் போட்டு மதியத்துக்குள் அந்த நாட்டுக்கே கடவுளாகிவிட்டார். சாயங்காலம் எனக்குப் போன் செய்தார்.

"என்னப்பா இது, ஒண்ணுமே இல்ல. எவன் வந்தாலும் ஒரே அடியில சாகுறான். வேற நல்ல கேமா இருந்தாச் சொல்லு."

கடவுளுக்கே அலுத்துப் போகிறது என்றால் அந்தப் பதவியில் ஒன்றும் இல்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அடுத்த கேமையும் அதே மாதிரிதான் முடித்தார்.

நான் அவரைவிட மோசம். அவராவது இணையத்தில் தேடித் தேடித் தட்டுவார். நான் குறியீடுகளை எழுதிச் சேர்த்து வைத்தேன். எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமே கிடையாது. நல்ல கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை. அதில் வரிசையாக எட்டு இலக்கக் குறியீடுகள், எண்ணும் எழுத்தும் கலந்தபடி. கடப்பாரை முதல் கிரீடம் வரை எதற்கு எது என்று தலைகீழாக ஒப்பிப்பேன். மனைவியின் பிறந்த தேதியை மட்டும் அவளிடமே கேட்டுத்தான் படிவங்களில் நிரப்புவேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்டில் எனக்கு ஏழு வீடுகள் இருந்தன. எல்லாவற்றிலும் பெட்டி பெட்டியாக ஆயுதங்கள். கண்டனூரில் கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற வீடுகளைப் போல அவை பூட்டியே கிடந்தன. ஒரு நாளும் நான் அவற்றிலிருந்து எதையும் எடுத்துப் பயன்படுத்தியதில்லை.

போன வருடம் குன்றக்குடியில் மலைப்படி இறங்கும்போது என் மனைவிக்குக் கால் மடங்கி எலும்பு விரிசல் விட்டது. படி ஏற அலுத்துக்கொண்டு நான் கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ கைத்தாங்கலாக அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். நாள் முழுக்க நின்று பழகிய ஆளை உட்கார வைத்தால் என்ன ஆகும்? இரண்டே நாளில் வீட்டுச் சுவரையெல்லாம் வெறித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் மகா பெருந்தன்மையோடு என் பழைய கணினியைக் கூடத்தில் வைத்து, அதில் அந்த கேமைப் போட்டுக் கொடுத்தேன்.

"எங்குட்டுப் போகணும்?" என்றாள்.

"எங்குட்டு வேணும்னாலும் போ."

முதல் ஒரு மணி நேரம் புல்லைப் பார்த்தாள். பிறகு ஆற்றைப் பார்த்தாள். அடுத்த ஊருக்கு நடந்தே கிளம்பினாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. குதிரைக்கு ஒரு குறியீடு இருக்கிறது, தட்டித் தருகிறேன் என்றேன்.

"வேணாங்க. நெசத்துலதான் நடக்க முடியல, இதுலயாவது நடந்துக்கிறேன்."

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அவள் மூலிகை பறித்தால் சிரிப்பேன். ஓநாய்க்குப் பயந்து பாறைமேல் ஏறி நின்றால் கடையில் போய்ச் சொல்லிச் சிரிப்பேன். கேமில் எதிர்ப்படுகிற ஆட்களையெல்லாம் அவள் உறவு முறை வைத்துத்தான் சொல்வாள். மருந்துக்காரி மதினி. சத்திரக்காரர் மாமா. வாசல் காவல்காரனைக்கூடத் தம்பி என்றாள். பெயர் சொல்லி மனிதர்களைக் கூப்பிட்டுப் பழக்கம் இல்லாத குடும்பம். பொம்மைக்கும் அதே மரியாதைதான்.

இன்னொன்றும் செய்தாள். சேவ் என்று ஒன்று உண்டு, ஆடிய இடத்தைப் பதிந்து வைத்துக்கொள்வது. நாங்களெல்லாம் நாற்பது ஐம்பது வைத்திருப்போம். தப்பு நடந்தால் முந்தையதற்கு ஓடிவிடுவோம். அவள் ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தாள். அதன்மேலேயே திரும்பத் திரும்பப் பதிவாள். "நடந்தது நடந்ததுதானங்க" என்றாள். அந்த ஆறு வாரம் மொத்தமும் அந்த ஒற்றைப் பதிவில்தான் இருந்தது. அது போனால் எல்லாம் போச்சு. எனக்கும் அது தெரியும்.

அந்த கேமில் அவளுக்கு ஒரு சித்தப்பா இருந்தார். நரைத்த தாடி, கையில் ஈட்டி, எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பு. கூலிக்குத் துணை வருகிற ஆள். முதல் நாள் இவளை ஏற இறங்கப் பார்த்து, "யார் நீ? ஈட்டி வேண்டுமென்றால் முதலில் கூலியைப் பேசு" என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். அவள் அதைத் தமிழில் சொல்லிக் காட்டிச் சிரித்தாள். பிறகு மூன்று வாரம் அவரோடு சுற்றினாள். காணாமல் போன அவருடைய தம்பியைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அன்றைக்கு அவர் கூலி வேண்டாம் என்றுவிட்டார். இனி நீ கூப்பிட்டால் போதும், வருவேன் என்றார். அதைச் சொல்ல நொண்டிக்கொண்டே அடுப்படி வரை வந்துவிட்டாள்.

"இனிமே அவுக காசு வாங்க மாட்டாகளாம்!"

"நூறு பேருக்கு இதையே சொல்லியிருப்பான் கிழவன்" என்றேன். எனக்கு அப்போது அது நகைச்சுவையாகப் பட்டது.

ஐந்தாவது வாரக் கடைசியில் பனிமலை உச்சியில் ஒரு சண்டையில் சித்தப்பா செத்துப்போனார். இவளுக்கு விழ வேண்டிய அடிக்குக் குறுக்கே வந்து நின்றாராம். அவருடைய ஈட்டி, கேடயம், கம்பளிச் சட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, மலையிலிருந்து தன் வீடு வரை ஓடாமல் நடந்தே வந்து, கட்டிலுக்குப் பக்கத்துப் பெட்டியில் வைத்தாள். அதோடு ஒரு சேவ்.

மூன்று நாள் வீடு கேத வீடு மாதிரி ஆகிவிட்டது. அவளுடைய தங்கை கொடுத்தனுப்பிய மீன்குழம்பைத் தொடவில்லை. கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில். சித்தப்பா செத்த கதையை மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நான் போனைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டினேன். மூன்றாவது தடவை சொல்லும்போது அழுதாள்.

"பொம்மைக்கு எல்லாமா கேதம் இருப்பாக? விட்டா பதினாறாம் நாளும் செய்வ போல" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திருத்துவதற்காகப் பள்ளியிலிருந்து வந்திருந்த விடைத்தாள் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மாவுக்கட்டு பிரிக்கிற நாள் வந்தது. கடையில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லித் தங்கையோடு அனுப்பிவிட்டேன். ஆட்டோ தெருமுனை தாண்டியதும் கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு நிமிட வேலை. வந்து பார்க்கும்போது சித்தப்பா நிற்க வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

இந்த கேமில் ஆட்களுக்கு இரண்டு குறியீடுகள் உண்டு. ஒன்று அச்சுக்கு உரியது. மற்றது, அந்த அச்சில் வார்த்து அந்த நாட்டில் நடமாட விட்ட அந்த ஒரே ஆளுக்கு உரியது. செத்தவரை எழுப்ப இரண்டாவதுதான் வேண்டும். இரண்டும் என் பத்திரிகை அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தெரியாமல் மாற்றித் தட்டினேன் என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். தெரிந்துதான் தட்டினேன். எழுப்பினால் வெறுங்கையோடும் வெற்று உடம்போடும் எழுந்து வருவார், சாமான் எல்லாம் பெட்டியில் இருக்கிறதே. அச்சில் வார்த்தால் ஈட்டி, கேடயம், சட்டை சகிதம் புத்தம்புதிதாக வருவார். இருபது வருடமாக இதே தொழில். பழைய பாகத்தோடு மல்லுக்கட்டாதே, கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டு என்பதுதான் என் கடையின் வழக்கம். அவள் வீட்டு வாசலில் சித்தப்பாவை வார்த்து நிறுத்தினேன். கேமைத் திறந்தவுடன் கண்ணில் பட வேண்டும் என்று அந்த ஒற்றைப் பதிவின்மேலேயே சேவும் செய்தேன்.

மதியம் திரும்பி வந்தாள். தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு கால் ஊன்றி மெல்ல நடந்தாள். கெண்டைக்கால் மெலிந்து வெளிறியிருந்தது. தங்கை போனதும், நான் கேட்காமலே அவளாகக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"சித்தப்பா!"

தெருவுக்கே கேட்டிருக்கும். என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் கிட்டே போய்ப் பேசினாள். சித்தப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யார் நீ? ஈட்டி வேண்டுமென்றால் முதலில் கூலியைப் பேசு."

இன்னொரு தடவை பேசிப் பார்த்தாள். அதே வார்த்தைகள். வீட்டுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தாள். பழைய ஈட்டி அங்கேயே இருந்தது. வாசலுக்கு வந்து அவர் கையில் இருந்த ஈட்டியைப் பார்த்தாள்.

"என்ன செஞ்சீக?"

விளக்கினேன். அச்சு, வார்ப்பு, குறியீடு, எல்லாம். நடுவில் அட்டையைக்கூட எடுத்துக் காட்டினேன். அவள் கேட்டு முடித்தாள்.

"அப்ப மலையில கெடக்குறது?"

"அது அங்கனயேதான் கெடக்கும்."

"பழைய எடத்துக்குப் போக முடியுமா?"

"அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்."

மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. பிடிக்கவில்லை என்றால் இவனை ஒரே கட்டளையில் அழித்துவிடலாம், மலைக்குப் போய் அவரையே எழுப்பிவிடலாம், நீ வேண்டுமானால் புதிதாக ஆரம்பி, குதிரை, வீடு, எல்லாம் முதலிலேயே வாங்கித் தந்துவிடுகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் கணினியை அணைத்தாள். அதன்பிறகு அவள் அந்த கேமைத் தொடவே இல்லை.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க" என்றாள். கோபம் இல்லாத குரல். வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையிடம் பேசுகிற குரல். "நான் அழுதது ஒங்களுக்குப் பொறுக்கலன்னு செஞ்சீகளா? இல்ல, நான் அழுதுக்கிட்டே இருந்தது ஒங்களுக்குத் தொந்தரவா இருந்துச்சுன்னு செஞ்சீகளா?"

இரண்டாவதுதான். கேள்வி முடிவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீ அழுதது பொறுக்காமத்தான்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக உள்ளே நடந்து போனாள்.