ஜன்னலோரத்துப் பெரணி

கோயமுத்தூரில் ஆசிரியைப் பயிற்சிக்குப் படித்தபோது நான் குடியிருந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதன் திட்டில் வீட்டுக்கார அம்மாளின் பெரணித் தொட்டி இருந்தது. குன்னூரிலிருந்து வந்த செடி. வெளியே வைத்தால் வெயிலில் கருகிவிடும். அந்த அம்மாள் நெடிய உருவம், உரத்த குரல். தினமும் காலையில் கதவைத் தட்டாமலே நுழைந்து, தொட்டியைச் சற்றுத் திருப்பிவைத்துவிட்டுப் போவார்.

பரீட்சை நெருங்கியது. மேஜையை ஜன்னலோரம் போட வேண்டும், செடியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். எங்கள் குடும்பத்திலேயே முதலில் படிக்க வந்தவள் நான் என்பதையும் சொல்லிவைத்தேன்.

"இருக்கட்டுங் கண்ணு. இதுங்கூடத்தான் அது குடும்பத்துல மொதல்ல மலையெறங்கி வந்துருக்குது."

"எனக்குப் பரீட்சைங்க!"

"நீ அரிக்கேன் வெளக்கு வெச்சுப் படிச்சுக்கலாம் அம்மணி. அது வெளக்குல வளருமா?"

மறுநாள் அவரே தொட்டியை ஓரமாக நகர்த்திப் பாதித் திட்டை எனக்கு விட்டார். அதற்குமேல் ஒரு விரற்கடைகூடத் தரவில்லை. இலை நிழல் புத்தகத்தில் ஆட, முகத்தைச் சுளித்துக்கொண்டே படித்துத் தேறினேன்.

அன்னூர்ப் பக்கத்து எங்கள் ஊரில், படித்த பெண் என்று எல்லோரும் எனக்கு ஒதுங்கி வழிவிடுகிறார்கள். ஒரு செடிக்காக என்னோடு சரிக்குச் சரி மல்லுக்கு நின்ற அந்த அம்மாளை நினைத்தால் இப்போதும் கோபம்தான் முதலில் வருகிறது. மரியாதை கொஞ்சம் தாமதித்து வருகிறது.