சுடலைமுத்துவின் சிவப்பு

சுடலைமுத்து போன மாதம் காய்ச்சலில் செத்துப் போனான். எனக்கு அவனைப் பிடிக்காது. உயிரோடு இருந்தபோதும் பிடிக்கவில்லை, செத்ததற்காகப் பிடித்துவிடவும் இல்லை. ஆனாலும் அவனைப் பற்றி எழுத வேண்டிய ஆள் நான்தான். மற்றவர்கள் எழுதினால் அவனை நல்லவனாக்கி விடுவார்கள்.

மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். எழுபத்தேழுக் கலவரத்தில் அங்கே அடித்துத் துரத்த, பெண்சாதி சுப்பம்மாவோடும் ஒரு தகரப் பெட்டியோடும் ஒட்டுசுட்டானுக்கு வந்து, எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காடு வெட்டிக் குடிசை போட்டான். இந்தப் பக்கம் நாங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணி கிடைத்து வந்த குடும்பங்கள். அவனைப்போலத் தோட்டங்களிலிருந்து வந்து அந்தப் பக்கம் குடியேறியவர்கள் எங்கள் வயலுக்குக் கூலிக்கு வருவார்கள். எல்லோரும் என்னை "ஐயா" என்பார்கள். இவன் மட்டும் "தங்கராசு" என்பான். என் பெயர் தங்கராசா. அந்த ஓர் எழுத்தைக்கூட எனக்குத் தர அவனுக்கு மனம் வராது.

அவனுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. எதைக் கண்டாலும் நெருப்பில் போட்டுப் பார்ப்பான். செப்புக் கம்பி போட்டால் பச்சை எரியும். அடுப்பில் உப்புக் கஞ்சி பொங்கி வழிந்தால் மஞ்சள் எரியும். இப்படிப் பார்த்துப் பார்த்து வாணத்துக்கு நிறம் ஏற்றப் படித்துவிட்டான். தொழில் இல்லை, வெறும் ஆசை. பகல் முழுக்க எங்கள் வரம்பு கட்டிவிட்டு, பின்னேரம் போய் வாண மருந்து அரைப்பான். என்ன மருந்து, எவ்வளவு என்று நான் எழுதப் போவதில்லை. கை போனவர்களை இந்த ஊர் போதுமான அளவு பார்த்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்லலாம். நிறம் வேண்டுமென்றால் மருந்தைக் கூட்டக் கூடாது, அழுக்கைக் குறைக்க வேண்டும் என்பான். எல்லா நிறத்துக்கும் எதிரி உப்பு. ஒரு சிட்டிகை விழுந்தாலும் போதும், சிவப்பும் நீலமும் செத்து மஞ்சள் வந்து நிற்கும். மற்றவர்கள் விடுகிற வாணம் எல்லாம் வெளிறிப் போய் எரிவது அதனால்தான்.

தொண்ணூறாம் ஆண்டு. இந்தியன் ஆமி போய் இரண்டு மாதம். சண்டை இல்லை, சாமான் தாராளமாக வந்தது. எங்கள் வாய்க்கால்கரைப் பிள்ளையாருக்குப் பத்து நாள் திருவிழா வைத்தோம். நாளுக்கு ஓர் உபயகாரர். அன்றைய செலவு அவருடையது, மரியாதையும் அவருடையது. ஒலிபெருக்கியில் அவர் பெயர்தான் சொல்லப்படும், முதல் விபூதி அவருக்குத்தான். ஆறாம் திருவிழாக்காரர் கனடாவுக்குப் போய்விட, அந்த நாள் சும்மா கிடந்தது. அதைக் கேட்டுக்கொண்டு கோயில் சபைக் கூட்டத்துக்கு வந்து நின்றான் சுடலைமுத்து.

"ஆறாம் நாள எங்க ஆளுகளுக்குக் குடுங்க. கோயில் கட்டயில மண்ணு சொமந்தது நாங்கதான்."

சபைத் தலைவர் ஐயாத்துரை வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "மண் சுமந்தவைக்கெல்லாம் திருவிழா எண்டால் ட்ரக்டருக்கும் ஒரு நாள் குடுக்க வேணும்."

"ட்ரக்டர் துன்னூறு பூசாது. நான் பூசுறேன்."

எனக்குக் கோபம் வந்தது. "கதைக்காதை. வாணம் விடுறன் எண்டு பெரிசாத் திரியிறாய். சிவப்பு எரிப்பியோ? யாழ்ப்பாணத்து வாணக்காரன் எரிச்சதே பூசணிப்பூ மாதிரித்தான் கிடந்தது."

"எரிப்பேன், தங்கராசு."

ஐயாத்துரை எழும்பினார். "அப்ப எரிச்சுக் காட்டு. ரெண்டாம் திருவிழாவில சிவப்பு எரிஞ்சால் ஆறாம் திருவிழா உங்களுக்கு. எரியாட்டில் இனி வாய்க்காலுக்கு அங்கால நிண்டு கும்பிடு. ஆனால் எங்கட கண்ணுக்கு முன்னால செய்ய வேணும். தோட்டக்காட்டான் கண்டியில வாங்கிக்கொண்டு வந்து தன்ரை எண்டு கொளுத்துவான்."

அவன் முகம் கறுத்தது. "செய்றேன்" என்றான்.

முதலாம் திருவிழாக் காலையில் கோயில் வளவுப் பந்தலுக்குள் இருந்து செய்தான். காவலுக்கு என்னை விட்டார்கள். மூன்று தரம் கை கழுவினான். வேர்வை சொட்டினால் மஞ்சளடிக்கும் என்று நெற்றியில் துணி கட்டினான். ஹோர்லிக்ஸ் போத்தலில் இருந்து மருந்தை எடுத்துக் கடதாசியில் கொட்டினான். அதை உருட்டிக் காயப்போட ஒட்டுக் கஞ்சி வேண்டும். சுப்பம்மா ஒரு பானையில் காய்ச்சிக் கொண்டு வந்திருந்தாள். ஐயாத்துரை அவளை வாசலிலேயே மறித்துவிட்டார்.

"உங்கட சட்டி பானை கோயில் வளவுக்குள்ள வரக்கூடாது."

சுப்பம்மா பானையை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். சுடலைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"தங்கராசு, ஒன் வீட்டுல இருந்து கொஞ்சம் கஞ்சி கொண்டா. வெறுங்கஞ்சி."

என் வீடு கோயிலுக்குப் பக்கம்தான். குசினியில் என் மனிசி நாகேஸ்வரி நின்றாள். "வெறுங்கஞ்சியோ? பால் விடேல்லை, பயறு போடேல்லை. இந்தாங்கோ, வெறுங்கஞ்சிதான்" என்று ஒரு செம்பில் ஊற்றித் தந்தாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். சாமி வளவுக்குள் எச்சில் பண்ணக் கூடாதென்று அவன் அதை வாயில் வைத்துப் பார்க்கவில்லை. பிசைந்தான், உருட்டினான், சுளகில் காயப்போட்டான்.

இரண்டாம் திருவிழா, பொழுதுபட்ட நேரம். வாய்க்காலின் இரண்டு பக்கத்துச் சனமும் நின்றது. சுடலைமுத்து திரி வைத்தான். வாணம் ஏறி விரிந்தது. மஞ்சள். பழுத்துப் போன வெள்ளரிப்பழ மஞ்சள். அடுத்ததும் மஞ்சள், அதற்கடுத்ததும்.

சனம் கூவியது. "சிவப்பு எங்கயடா? சுப்பம்மாவின்ர கொண்டைக்குள்ளயோ?" என்று யாரோ கத்தினான். ஐயாத்துரை மைக்கைப் பிடித்தார். "சிவப்பு எரிந்து முடிந்தது. பக்தர்கள் கலைந்து செல்லலாம்." நானும் சிரித்தேன். பொய் சொல்லவில்லை, நன்றாகவே சிரித்தேன்.

மறுநாள் விடிய சுடலைமுத்து என் வீட்டு வாசல் படலையில் நின்று கத்தினான். கையில் என் வீட்டுச் செம்பு.

"தங்கராசு! வெளிய வா! உப்பு போட்ட கஞ்சியக் குடுத்துக் கவுத்துட்டீல்ல? நக்கிப் பாத்தேன். உப்பு!"

"உப்பில்லாமல் ஆரடா கஞ்சி குடிக்கிறது? வெறுங்கஞ்சி கேட்டாய். வெறுங்கஞ்சி தந்தன்."

"வெறுங்கஞ்சின்னா உப்பில்லாத கஞ்சி!"

"எங்கட வீட்டில வெறுங்கஞ்சி எண்டால் பால் விடாத கஞ்சி!"

நாகேஸ்வரி ஓடி வந்தாள். "உப்புப் போட்டது நான்தான். சோறு கொதிக்கேக்கையே போடுறனான். இவருக்கு அது தெரியாது."

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. "நீ வேணும்னுதான் செஞ்ச" என்று என்னிடம் சொன்னான். நான் வேலிக் கம்பைப் பிடுங்கினேன். அவன் ஓரடி பின்னால் போகவில்லை. "அடி. அடிச்சிட்டு ஊருக்கு முன்னாடி சொல்லு, கஞ்சியில உப்பு கெடந்திச்சின்னு. எனக்குச் செவப்பு தெரியும்." செம்பை நிலத்தில் எறிந்துவிட்டுப் போனான்.

நியாயம் நியாயம்தானே. நான் ஐயாத்துரையிடம் போய் உப்புக் கதையைச் சொன்னேன். அவர் என் தோளில் தட்டிச் சிரித்தார்.

"இதைப்போய் ஏன் சொல்லுறாய்? நீ தெரிஞ்சுதான் போட்டனி எண்டு நான் உன்னைப் பற்றிப் பெருமையா எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். கெட்டிக்காரன் எண்டு சொன்னன். ஆறாம் திருவிழாவை என்ர மருமகன் கிருசாந்தன்ரை பேரில எழுதியாச்சு."

சுடலைமுத்து என்னைக் கள்ளனாக்கினான். இவர் அதே களவுக்கு என்னைத் தட்டிக் கொடுக்கிறார். இரண்டில் இவருடைய தட்டுத்தான் கூட நொந்தது.

நாலாம் திருவிழா என்னுடையது. அதற்கு முதல் நாள் பின்னேரமே வாய்க்காலைக் கடந்து சுடலைமுத்துவின் குடிசைக்குப் போனேன். பதின்மூன்று வருடத்தில் முதல் தரம். இருக்கச் சொல்லவில்லை, நானும் இருக்கவில்லை.

"நாளைக்கு என்ர திருவிழா. வந்து சிவப்பு எரி."

"யாரு பேருல?"

"என்ர பேரிலதான்."

"அப்ப ஒன் கஞ்சிய நீயே குடி."

திரும்பி இரண்டு அடி வைத்தேன். பிறகு நின்றேன். "உன்ர பேரில எண்டால்?"

சுப்பம்மா உள்ளே இருந்து சொன்னாள். "எம் பானையும் வரும். வாசல்ல யாரும் மறிக்கப்படாது."

"வரட்டும்."

"மருந்த எம் பொண்டாட்டி கஞ்சியில உருட்டி ஏற்கெனவே காயப் போட்டுட்டேன்" என்றான் சுடலைமுத்து. "நீ வந்தாலும் வராட்டியும் எரிக்கிறதாத்தான் இருந்தேன்."

மறுநாள் பொழுதுபட, சுப்பம்மா பானையைத் தூக்கிக்கொண்டு வாசலால் வந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். ஐயாத்துரை பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மைக்கை எடுத்தார். "இன்றைய உபயம் தங்கராசா குடும்பத்தினர்" என்று தொடங்கினார். நான் மைக்கைப் பறித்தேன்.

"இல்லை. இண்டைக்கு உபயம் சுடலைமுத்து, சுப்பம்மா. என்ர நாளை ஆருக்குக் குடுக்கிறதெண்டு நான் சொல்லுவன். முந்தநாள் மஞ்சளா எரிஞ்சதுக்குக் காரணம் என்ர வீட்டு உப்பு. அவன்ர பிழை இல்லை."

"உனக்கு விசரே?" என்றார் ஐயாத்துரை. அதுவும் மைக்கில் கேட்டது. சனம் சிரித்தது, இந்தத் தரம் அவரைப் பார்த்து.

சுடலைமுத்து திரி வைத்தான். சிவப்பு. செவ்வரத்தம்பூவைப் பிழிந்து வானத்தில் ஊற்றியதுபோலச் சிவப்பு. பிள்ளையார் சிவந்தார், வாய்க்கால் தண்ணீர் சிவந்தது, ஐயாத்துரையின் சலவை வேட்டி சிவந்தது. அந்தப் பக்கத்துச் சனம் கூவிய கூவலில் குளத்துக் கொக்கெல்லாம் எழும்பியது.

ஐயர் விபூதித் தட்டோடு நின்று தலைவரைப் பார்த்தார். தலைவர் வேறு பக்கம் பார்த்தார். ஐயர் முதல் விபூதியைச் சுடலைமுத்துவுக்குக் கொடுத்தார். அவன் பூசிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"இத முந்தாநேத்தே சொல்லியிருக்கணும்."

"முந்தநாள் எனக்கு உப்பு விசயம் தெரியாதடா."

"கேட்டிருக்கணும்" என்றான். பானையைச் சுப்பம்மாவிடம் இருந்து வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, சனத்தை விலக்கிக்கொண்டு போனான்.